ஞானப்பல் எடுத்தால் மூன்றாம் நாளுக்குத் தயாராக இருங்கள்

பல் எடுத்த அன்று எனக்குப் பெரிய கஷ்டம் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் பகீரென்றது. இடது கன்னம் பந்து ஒன்றை அதக்கிக்கொண்டதுபோல் உப்பியிருந்தது, தாடையோரம் மஞ்சளும் நீலமுமாகக் கன்றிப்போயிருந்தது. பதறிப்போய் டாக்டருக்குப் போன் செய்தால், “இன்றுதான் உச்சம், நாளையிலிருந்து வடியும்” என்று சாதாரணமாகச் சொன்னார். படுத்த வாக்கில் வளர்ந்த கீழ்ப்பல், எலும்பைக் கொஞ்சம் செதுக்கித்தான் எடுத்தார்கள். அப்படி எடுத்தால் வீக்கம் 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்குப் போகுமாம். முன்பே தெரிந்திருந்தால் அன்று காலை நிம்மதியாக இருந்திருப்பேன்.

வீக்கத்தைக் கட்டுப்படுத்த நம் கையில் இருப்பது முதல் இரண்டு நாள்தான். வீட்டுக்கு வந்ததுமே ஐஸ் ஒத்தடத்தை ஆரம்பித்துவிடுங்கள். ஐஸ் கட்டியைவிட உறைந்த பட்டாணிப் பாக்கெட் நல்லது, கன்னத்தின் வளைவுக்கு ஏற்றபடி படிந்து உட்காரும். மெல்லிய துணியில் சுற்றி, கன்னத்தின் வெளிப்பக்கம் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். அப்புறம் அதே அளவு நேரம் இடைவெளி விட்டு மறுபடி வைக்கலாம். துணி இல்லாமல் நேராக வைக்காதீர்கள், தோல் மரத்துக் கிடப்பதால் ஜில்லிப்பு சுடுவதுகூடத் தெரியாது. இரண்டு நாள் கழிந்தபின் ஐஸால் பெரிய பலன் இல்லை. அப்போது இளஞ்சூட்டு ஈரத்துணி ஒத்தடத்துக்கு மாறினால் இறுகிய தாடை இளகும்.

இரவில் இரண்டு மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்து படுங்கள். முதல் இரவு நான் வழக்கம்போல் தட்டையாகப் படுத்து, விண்விண் என்று தெறிக்கும் வலியில்தான் எழுந்தேன்.

வலி மாத்திரையில் நான் செய்த தப்பு, “இன்னும் வலிக்கவே இல்லையே” என்று காத்திருந்தது. மரத்துப்போகும் ஊசியின் வேகம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அதற்கு முன்பே முதல் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். இபுப்ரோபென் வலியோடு வீக்கத்தையும் குறைக்கும். கூடவே பாராசிட்டமாலும் எழுதித் தருவதுண்டு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இபுப்ரோபென்னைத் தொட வேண்டாம்.

கன்னம் மரத்திருக்கும்வரை எதையும் மெல்லாதீர்கள். நான் ரொட்டியோடு சேர்த்து என் கன்னத்தையும் கடித்துவிட்டு, அந்தப் புண்ணோடு ஒரு வாரம் அவதிப்பட்டேன்.

இனி முக்கியமான விஷயம். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடிபோல் நிற்கும். அது பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். மூன்றாவது நாளிலிருந்து ஐந்தாவது நாளுக்குள் காதுவரை இழுக்கும் வலியும் கெட்ட நாற்றமும் வந்தால் பெரும்பாலும் அதுதான். வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள், டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைப்பார். அந்த மூடியைக் காப்பாற்ற, கடிக்கக் கொடுத்த பஞ்சை அரை மணி முதல் ஒரு மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். சும்மா சும்மா எடுத்துப் பார்க்கக் கூடாது. அப்புறம் மூன்று நாளாவது ஸ்ட்ராவில் உறிஞ்சுவது, காறித் துப்புவது, புகை பிடிப்பது எதுவும் வேண்டாம். புகையை இன்னும் சில நாள் தள்ளிப்போட்டால் இன்னும் நல்லது. எச்சில் ஒரு நாள் இளஞ்சிவப்பாக வரும், பயப்படாதீர்கள்.

24 மணி நேரம் கழித்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிக்கலாம். கொப்பளிப்பது என்றால் களகளவென்று அல்ல. வாயில் வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துவிட்டு, குனிந்து வாயைத் திறந்தால் தானாக விழும். சாப்பாட்டுக்குப் பிறகு மறக்காமல் செய்யுங்கள். சாப்பாடு குழைவாக, சூடில்லாமல் இருந்தால் போதும். பொரித்தது, காரமானது, விதையுள்ளது எல்லாம் காத்திருக்கட்டும்.

மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ, அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

வாய் திறக்க முடியாமல் இறுகிப்போவதும் சகஜம்தான். நாலாம் நாள் எனக்கு ஒரு விரல்தான் நுழைந்தது. ஒத்தடம் கொடுத்த கையோடு, வலிக்காத அளவுக்கு மெல்லத் திறந்து திறந்து மூடிப் பழகினேன். இரண்டு விரல் நுழைய இன்னும் ஐந்து நாள் ஆனது. கொட்டாவி வந்தால் மட்டும் அப்போதும் கையால் தாடையைத் தாங்கிக்கொள்வேன்.