கொல்லையில் விழுந்த மெக்கடேமியாவை வறுத்த பருப்பாக்குவது எப்படி?

ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் தென்கிழக்கிலும் நியூ சவுத் வேல்ஸின் வடக்கிலும் வீட்டுக் கொல்லைகளில் மெக்கடேமியா என்ற கொட்டை மரம் நிற்பது சகஜம். அங்குள்ள மழைக்காடுகள்தான் அதன் சொந்த மண். காய் கொட்டிக் கிடக்கும். ஆனால் உடைத்துத் தின்றால் பருப்பு சவசவ என்றிருக்கும். காய வைப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் பொறுக்குவது. மரத்திலிருந்து பறிக்க வேண்டாம், முற்றினால் தானே விழும். சந்தேகமாக இருந்தால் பச்சைத் தொலியைப் பிளந்து உட்புறத்தைப் பாருங்கள்: வெள்ளையாக இருந்தால் இளசு, பழுப்பேறியிருந்தால் முற்றல். ஓட்டில் எலி போட்ட துளை இருந்தால் தூக்கி எறியுங்கள். (அவ்வளவு கெட்டி ஓட்டையும் எலி குடைந்துவிடும்!)

அன்றைக்கே தொலியை உரித்துவிடுங்கள். தொலியோடு குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் பருப்பு கெடும்.

அப்புறம் காய வைப்பது. வெயிலில் போடாதீர்கள். நிழலில், காற்றாடும் இடத்தில், கம்பிவலைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி 2 முதல் 3 வாரம் விடுங்கள். ஈரம் வற்ற வற்றப் பருப்பு சுருங்கி ஓட்டை விட்டு விலகும். காதருகே குலுக்கிப் பாருங்கள், கடகடவென்று ஆட வேண்டும். பிறகு சுமார் 40 டிகிரி செல்சியஸ் இளஞ்சூட்டில் ஓரிரு நாள் வைத்தால் மிச்ச ஈரமும் போகும். ஆலைகளில் பருப்பின் ஈரத்தை 1.5 சதவீதம் அளவுக்குக் குறைக்கிறார்கள். அவசரப்பட்டு ஈரக்காய்க்கு அதிகச் சூடு கொடுத்தால் பருப்பின் நடுப்பகுதி பழுப்பாகிவிடும்.

உடைக்க, பட்டறை வைஸ்தான் (பொருளைத் திருகி இறுக்கிப் பிடிக்கும் கருவி) என் சிபாரிசு. சுத்தியல் அடித்தால் ஓடும் பருப்பும் சேர்ந்தே நொறுங்கும். வைஸின் வாயில் காயை வைத்து மெல்லத் திருகுங்கள். முதல் ‘டக்’ சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். பருப்பு கசந்தால் துப்பிவிடுங்கள். மெக்கடேமியாவில் தின்னக்கூடாத கசப்பு இனங்களும் உண்டு.

வறுப்பது சுலபம். ஓவனில் 120 டிகிரி செல்சியஸ், 10 முதல் 15 நிமிடம், நடுவில் ஒருமுறை கிளறினால் போதும். பருப்பில் 70 சதவீதத்துக்கும் மேல் எண்ணெய்தான், தனியாக ஊற்ற வேண்டியதில்லை. லேசாக நிறம் மாறும்போதே எடுத்துவிடுங்கள்; வெளியே வந்த பிறகும் கொஞ்சம் நிறம் ஏறும். நன்றாக ஆறிய பின் உப்புத் தூவி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

வீட்டில் நாய் இருந்தால் கவனம். மெக்கடேமியா நாய்களுக்கு ஆகாது: வாந்தி, நடுக்கம், பின்னங்கால் தளர்ச்சி எல்லாம் வரும். கொல்லையில் விழுந்த காயையும் அது கடிக்க விடாதீர்கள்.