வரியன் பட்டாம்பூச்சிகளை வரவழைக்க ஒரு கொத்து கிலுகிலுப்பை

செங்கோட்டை, புளியரைப் பக்கம் சாலையோரத்தில் தானாக முளைத்துக் கிடக்கும் கிலுகிலுப்பைச் செடியில் ஒரு கொத்தை ஒடித்து, தண்டை லேசாக நசுக்கி, வெயில் படும் இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். வாட வாட நீல வரியன், வெந்தய வரியன் பட்டாம்பூச்சிகள் எல்லாம் தேடி வரும். பூவை விட்டுவிட்டு, நசுங்கிய தண்டில் உறிஞ்சுகுழலை வைத்துத் தடவிக்கொண்டே இருக்கும். கிட்டத்தில் போய்ப் படமெடுத்தாலும் சட்டென்று பறக்காது.

வருவது பெரும்பாலும் ஆண்கள்தான். பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்க அந்தச் செடியில் உள்ள ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருள் அவற்றுக்குத் தேவை. பறவைகளிடமிருந்து தப்பவும் அது உதவும். இதற்காக நர்சரியில் காசு கொடுத்துச் செடி வாங்க வேண்டியதில்லை.

கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சி மட்டும் இதற்கு மசியாது, அதற்குத் தேனுள்ள பூதான் வேண்டும். மழை மூட்டத்திலும் பலிக்காது. அப்புறம், ஆடு மாடு இருக்கும் வீடென்றால் எட்டாத உயரத்தில் கட்டுங்கள். தின்றால் ஈரலைக் கெடுக்கும்.