ஜாஸ் மேடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாஸ் கச்சேரி சோபிக்காமல் போவதற்கு விரல் வேகக் குறைவு அரிதாகவே காரணமாகிறது. வாசிப்பவர் தம் கருவியின் ஒலியிலேயே மூழ்கி, உடன் வாசிப்பவர்களைக் கேட்க மறந்துவிடுவதுதான் பெரும்பாலும் சிக்கல்.

பாடலின் அமைப்பில் இடம் தவறிவிடுவது இதனால் நேரும் முதல் பிழை. ஜாஸ் கலைஞர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பழைய பாடல்களில் பல, எட்டெட்டு பார்களாக (பார் என்பது பெரும்பாலும் நான்கு தட்டுகள் கொண்ட தாள அளவு) நான்கு பகுதிகள் கொண்ட 32 பார் அமைப்பில் உள்ளவை. மூன்றாம் பகுதி மட்டும் வேறாக இருக்க, மற்ற மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஒரு சுற்றின் (32 பார்களையும் ஒருமுறை வாசிப்பதன்) கடைசிப் பகுதியும் அடுத்த சுற்றின் முதலிரு பகுதிகளும் சேர்ந்து ஒரே மாதிரி மும்முறை ஒலிக்கும்போது கணக்குத் தடுமாறுகிறது. ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவு செய்த ‘ஸோ வாட்’ இதற்கு நல்ல சோதனை: டி டோரியன் என்ற சுரவரிசையில் 16 பார், அரைச் சுரம் மேலே 8 பார், மீண்டும் டி டோரியனில் 8 பார் என்று அது சுழல்வதால், சுற்று மாறும் இடத்தில் 24 பார்களுக்கு எந்த மாற்றமும் கேட்காது. எண்ணிக்கொண்டிருப்பதைவிட மூல மெலடியை மனத்துக்குள் பாடியபடி வாசிப்பது பாதுகாப்பானது. அப்படியும் தவறினால், பேஸ் (தாழ்சுரக் கருவி) எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை வாசிக்காமல் இருப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

அடுத்தது, ஸ்கேல்களை, அதாவது சுரவரிசைகளை, மேலும் கீழும் ஓட்டிக்காட்டுவதையே சோலோ (தனி வாசிப்பு) என்று எண்ணுவது. டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்ற கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசையை எடுத்துக்கொள்வோம். முதல் கார்டின் ஏழாம் சுரமான சி, அரைச் சுரம் இறங்கி அடுத்த கார்டின் மூன்றாம் சுரமான பி ஆகிறது. அங்கே ஏழாம் சுரமாக நிற்கும் எஃப், பிறகு இறங்கி ஈ ஆகிறது. கார்டு மாறும் தட்டில் இந்தச் சுரங்கள் விழுந்தால், பக்கவாத்தியமே இல்லாவிட்டாலும் கேட்பவருக்குக் கார்டு மாற்றம் புரிந்துவிடும். சில நாள்கள் இவற்றை மட்டுமே வைத்து வாசித்துப் பழகுவது, புதிதாகப் பத்து ஸ்கேல்களை மனப்பாடம் செய்வதைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து.

தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நான்கு தட்டுக்கும் ஒலிக்கவிட்டுச் சாதகம் செய்பவர்கள், அதை இரண்டாம், நான்காம் தட்டுகளில் மட்டும் ஒலிக்கவிட்டால் தாங்கள் எங்கே முந்துகிறோம் என்பதை உடனே கண்டுகொள்வார்கள். நெடிலும் குறிலுமாகத் துள்ளும் ஸ்விங் நடையும் எல்லா வேகத்திலும் ஒன்றல்ல; வேகம் கூடக்கூட அரைத்தட்டுச் சுரங்கள் சம அளவை நெருங்கிவிடும் என்பதை அறியாமல், மிதவேகத் துள்ளலை அப்படியே அதிவேகப் பாடலுக்குள் கொண்டுவந்தால் குதிரை ஓடுவது போலத்தான் கேட்கும்.

பியானோவும் கிட்டாரும் ஒரே நேரத்தில் கார்டுகளை அடுக்குவதும், பேஸ் வாசிக்கும் சுரத்தையே பியானோவின் இடக்கை மீண்டும் தட்டுவதும் மேடையைக் கலங்கலாக்கும். ஒருவர் சோலோவுக்கு ஒருவர் மட்டும் துணை நிற்பது என்று முன்பே பேசிக்கொள்ளலாம்.

சோலோவை நீட்டுவதைப் பற்றி ஒரு சொல். சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் காலத்து 78 வேக இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிடமே இடம் இருந்தது. ஓரிரு சுற்றுகளுக்குள் அவர் சொல்லி முடித்ததைத்தான் இன்றும் மாணவர்கள் கேட்டு எழுதிப் பழகுகிறார்கள்.

முடிவைப் பேசிவைக்காமல் பாடலைத் தொடங்குவதும் அடிக்கடி நடக்கிறது. குழுத் தலைவர் தம் தலையைத் தொட்டுக் காட்டினால் மெலடிக்குத் திரும்ப வேண்டும் என்பது ஜாஸ் மேடையில் வழக்கமான சைகை. இசைத்தாளைவிட்டுக் கண்ணெடுக்காதவர் அதைப் பார்க்காமல் இன்னொரு சுற்று சோலோவைத் தொடங்கிவிடுகிறார்.