யாருடைய தாடை உறுதி? நிறைப்பிரிவு தாண்டி ஒப்பிடும்போது விடும் பிழைகள்

வவுனியாவோ கிளிநொச்சியோ முல்லைத்தீவோ, குத்துச்சண்டை பழகும் பொடியள் நாலு பேர் கூடினால் இந்தக் கதை வராமல் போகாது: மார்வின் ஹாக்லரின் தாடையா, ஜோர்ஜ் சுவாலோவின் தாடையா உறுதி? (தாடை உறுதி என்றால் தலையில் குத்து வாங்கியும் விழாமல் தாங்கும் சக்தி.) ஹாக்லர் 160 இறாத்தல் மிடில்வெயிட், சுவாலோ ஹெவிவெயிட். உடனே ஒருவர் ஃபோனை எடுத்து இரண்டு பேரின் பதிவையும் பார்த்து, நொக் அவுட் தோல்விகளை எண்ணித் தீர்ப்புச் சொல்லிவிடுவார். பிழை அங்கேயே தொடங்குகிறது.

பதிவில் ‘டீ.கே.ஓ.’ (டெக்னிக்கல் நொக் அவுட், பத்து எண்ணாமலே சண்டையை நிறுத்துவது) என்று இருந்தால் ஆள் அடிபட்டு விழுந்தார் என்று அர்த்தமில்லை. சுவாலோ 93 சண்டை ஆடினார், ஒன்றிலும் விழவில்லை. ஆனாலும் 1967இல் ஜோ ஃபிரேசியரிடமும் 1970இல் ஜோர்ஜ் ஃபோர்மனிடமும் டீ.கே.ஓ. தோல்வி. இரண்டிலும் நின்றபடி இருக்கும்போதே சண்டையை நிறுத்தினார்கள். ஃபிரேசியரோடு கண்குழி எலும்பு உடைந்திருந்தது. 1996இல் ஜூலியோ சீசர் சாவேஸ் டி லா ஹோயாவிடம் தோற்றதும் கண்ணுக்கு மேல் வெட்டினால்தான். ஆகவே பத்து எண்ணி முடிந்தது, மத்தியஸ்தர் நிறுத்தியது, காயத்தால் நின்றது, நிறுத்தச் சொல்லி மூலையிலிருந்து பயிற்சியாளர் துவாய் எறிந்தது என்று தோல்விகளைப் பிரித்துப் பாருங்கள். ஈரலில் விழும் அடியையும் தனியே வையுங்கள். அது ஆளை முழங்காலில் இருத்தும், ஆனால் தாடையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

விழுவதும் எழும்புவதும் வேறு வேறு திறமைகள். டைசன் ஃபியூரியை 2013இல் தன்னைவிட மிகச் சிறிய ஸ்டீவ் கனிங்ஹாம் விழுத்தினார். 2018இல் டியொன்டே வைல்டரும் 12ஆம் சுற்றில் விழுத்தினார். இரண்டு தரமும் ஃபியூரி எழும்பினார். ‘தாடை பலவீனம்’ என்பவரும் ‘தாடை இரும்பு’ என்பவரும் ஒரே காணொளியைத்தான் காட்டுகிறார்கள்.

அடுத்தது, நிறை வித்தியாசத்தை இறாத்தலில் எண்ணுவது. வீதத்தில் எண்ணுங்கள். பிரிவின் எல்லை 112இலிருந்து 118 ஆவது வெறும் 6 இறாத்தல்தான், ஆனால் 5 வீதத்துக்கு மேல். 160இலிருந்து 168க்கு 8 இறாத்தல், அதுவும் 5 வீதம். 175இலிருந்து 200க்குப் போவது 14 வீதம். அதற்கு மேலே, ஹெவிவெயிட்டில், எல்லையே இல்லை. நொக் அவுட் பெரும்பாலும் தலை சடாரென்று திரும்பி மூளை குலுங்குவதால் வருவது. மேல் பிரிவுக்குப் போகப் போக குத்தின் வலு ஏறும் அளவுக்குக் கழுத்து தடிப்பதில்லை. ஹெவிவெயிட்டில் நொக் அவுட் அதிகம் நடப்பதால் அவர்களின் தாடை மோசம் என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

ஆனால் ஆளை அதிகம் ஏமாற்றுவது நிறை குறைப்புத்தான். மனி பக்கியாவ் 1999இல் 112 இறாத்தலுக்கு இறங்க முடியாமல் தராசிலேயே பட்டத்தை இழந்தார், பிறகு மூன்றாம் சுற்றில் வயிற்றுக் குத்தில் விழுந்தார். அதே ஆள் 2010இல், சண்டை இரவில் தன்னைவிடச் சுமார் 17 இறாத்தல் கூடிய மார்கரிட்டோவின் குத்துகளை 12 சுற்றும் வாங்கி வென்றார். மேலே போக அவருடைய தாடை வளரவில்லை, நிறை இறக்க உடம்பை வற்றவைக்காததால் தண்ணீர் இருந்தது. இதற்கு எதிர்ப்பக்கம் ரோய் ஜோன்ஸ். 2003 மார்ச்சில் 193 இறாத்தலில் ஜோன் ரூயிஸை வென்றுவிட்டு, எட்டு மாதத்தில் 175க்கு இறங்கினார். 2004 மே மாதம் டார்வரிடம் இரண்டாம் சுற்றிலும், செப்டெம்பரில் கிளென் ஜோன்சனிடம் ஒன்பதாம் சுற்றிலும் நொக் அவுட். தசையை உருக்கியதுதான் காரணம் என்று சொல்பவர்கள் அப்போது அவருக்கு 35 வயது என்பதை மறந்துவிடுகிறார்கள். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாத சண்டையை ஒப்பீட்டில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

நிறை பார்க்கும் நேரமும் முக்கியம். தொழில்முறையில் முதல் நாளே நிறை பார்ப்பதால் மேடையில் நிற்கும்போது ஆள் பத்து இறாத்தல் கூடியிருக்கலாம். அமெச்சூரில் போட்டி அன்று காலையில்தான். மாகாண மட்டப் போட்டிக்கு நம் வன்னி வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடி, தண்ணீர் குடிக்காமல் நிறை இறக்கும் பிள்ளைக்கு அதைத் திரும்ப ஏற்ற சில மணித்தியாலமே உண்டு. அன்று அவன் விழுந்தால் அதை வைத்துத் தாடையை மதிப்பிடாதீர்கள்.

கையுறையையும் பாருங்கள்: தொழில்முறையில் 147 இறாத்தல் வரை பொதுவாக 8 அவுன்ஸ், அதற்கு மேல் 10.

சரி, எப்படித்தான் ஒப்பிடுவது? ஒவ்வொருவரையும் முதலில் அவரவர் பிரிவோடு ஒப்பிடுங்கள். அந்தப் பிரிவின் வன்மையான குத்துக்காரர் மூவரைத் தெரிந்து, காணொளியை அரை வேகத்தில் ஓட்டி, சுத்தமாக விழுந்த குத்துகளை மட்டும் குறியுங்கள்: என்ன குத்து, வருவதைக் கண்டாரா, பிறகு கால்கள் எப்படி, கட்டிப்பிடித்தாரா. காணாமல் வாங்கும் குத்துத்தான் ஆளைப் படுக்கவைக்கும். 2012இல் மார்க்கெஸின் வலது கையை நோக்கிப் பக்கியாவ் தானே பாய்ந்ததைப் பாருங்கள். 1985இல் ஹாக்லர், தோமஸ் ஹேர்ன்ஸின் வலது கையை முதல் சுற்றிலேயே வாங்கினார், கால் ஒரு கணம் தளர்ந்தது, பிறகு முன்னேயே வந்தார். அது கணக்கில் வரும். அதே சுற்றில் ஹேர்ன்ஸின் வலது கை உடைந்துவிட்டதால் பிறகு வந்த வலது குத்துகளை அதே எடையில் சேர்க்கக் கூடாது. இப்படிப் பார்த்தால் ஹாக்லரும் சுவாலோவும் அவரவர் பிரிவில் உச்சியில் நிற்பார்கள். இருவரில் ஒருவரைத் தூக்கிப் பிடிக்க என்னிடம் கேட்டால் சுவாலோ; ஃபோர்மனின் குத்தை நின்றே வாங்கியவர்.

கடைசிப் பிழை ஆபத்தானது: தாடையைச் சோதிக்கவென்று 57 கிலோ பொடியனை 71 கிலோக்காரனோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) விடுவது. கழுத்துத் தசையைப் பயிற்சியால் பலப்படுத்தலாம், நாடியைத் தாழ்த்திப் பழக்கலாம், ஆனால் அடி வாங்கித் தாடை உறுதியாவதில்லை. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை குலுங்குவதை அவ்வளவாகத் தடுக்காது. நிறை ஒத்துவராவிட்டால் உடம்புக்கு மட்டும் அடிக்கும் சுற்று வையுங்கள், அல்லது பாரமானவனுக்கு ஜாப் (முன்கையால் நேராகக் குத்துவது) மட்டும். தலையில் பட்டு விழுந்தவனுக்குக் குறைந்தது நான்கு கிழமை ஸ்பாரிங் வேண்டாம். தலையிடி கூடிக்கொண்டு போனாலோ, சத்தி எடுத்தாலோ, பேச்சுக் குழறினாலோ விடியும்வரை பார்த்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.