குடும்பத்தோடு நெடுந்தூரம் போகும் பிக்கப்: சொகுசுக்காகச் செய்யும் தவறுகள்

பிக்கப்பின் பின் அச்சு அரை டன், முக்கால் டன் என்று சுமப்பதற்காகச் செய்யப்பட்டது. நான்கு பேரும் நான்கு பையும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஸ்பிரிங் அசைந்துகொடுக்காது, பின்னிருக்கையில் இருப்பவர்கள்தான் அசைவார்கள். இதைச் சரிசெய்யக் கிளம்புகிறவர்களில் பலர் வண்டியை இன்னும் விறைப்பாக்கும் சாமான்களையே தேடிப் பிடித்து வாங்குகிறார்கள்: தடித்த டயர், ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பட்டை, வண்டியை உயர்த்தும் கிட், இரும்பு பம்பர். வெளியே நின்று பார்ப்பவருக்கு வண்டி எடுப்பாகத்தான் தெரியும். உள்ளே எட்டு மணி நேரம் உட்காரப் போகிறவர்களின் பாடு வேறு.

டயர் காற்றைப் பார்க்காமல் ஸ்பிரிங்கில் கைவைப்பது

காசு செலவில்லாமல் தீரக்கூடிய குலுக்கலுக்குப் பெரிய செலவு செய்வது இங்கேதான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல பிக்கப்களில் பின் டயருக்கு இரண்டு அளவுகள் போட்டிருப்பார்கள்: சுமை இல்லாதபோது ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. இரண்டுக்கும் இடையே 6 முதல் 10 பிஎஸ்ஐ வரைகூட வித்தியாசம் இருப்பதுண்டு. சரக்கு ஏற்றிய நாளில் அடித்த காற்றோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், சாலையின் ஒவ்வொரு ஒட்டும் முதுகெலும்பில் தெரியும்.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துக் காற்றடிப்பது இன்னொரு வழக்கம். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச வரம்பு; உங்கள் வண்டிக்கான அளவு அல்ல. அதற்காகச் சொகுசு வேண்டுமென்று ஸ்டிக்கரில் உள்ளதற்குக் கீழே இறக்கிவிடவும் கூடாது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி மடங்கிச் சூடாகும். நெடுஞ்சாலை வேகத்தில் டயர் வெடிக்க அதுவே போதும். ஸ்டிக்கரில் ஒரே ஓர் அளவு இருந்தால் அதோடு நில்லுங்கள். காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவாக இருக்கும்.

டயர் மாற்றும் நேரம் வந்தால், கனரகப் பயன்பாட்டுக்கான பத்து பிளை (பத்து அடுக்குக்கு நிகரான வலுவுள்ள) டயரை வாங்கும் முன் யோசியுங்கள். அதன் பக்கச்சுவர் தடிமனானது, சிறு மேடுபள்ளத்தை விழுங்காது. சேற்று டயரின் பெரிய கட்டைகள் தார்ச்சாலையில் எழுப்பும் முழக்கத்தை எந்த ஒலித்தடுப்பாலும் முழுதாக அடக்க முடியாது. பெரிய விளிம்புள்ள அலாய் வீலும் இந்தக் கணக்கில்தான் வரும்: விளிம்பு வளர வளர டயரின் உயரம் குறைகிறது, மெத்தென்று இருக்க வேண்டிய ரப்பர் இல்லாமல் போகிறது. ஆனால் எந்த டயராக இருந்தாலும் சுமைக் குறியீடு (டயர் தாங்கும் எடையைச் சொல்லும் எண்) வண்டிக்குச் சொன்னதைவிடக் குறையக் கூடாது.

பட்டையைக் கழற்றுவது, பட்டையைச் சேர்ப்பது

லீஃப் ஸ்பிரிங் என்பது அடுக்கிவைத்த எஃகுப் பட்டைகளின் கட்டு. அந்தக் கட்டிலிருந்து ஒரு பட்டையை உருவிவிட்டால் மென்மையாகிவிடும் என்பது பலரும் சொல்லும் யோசனை. மென்மையாவது உண்மை. கூடவே தாங்கும் எடை குறைகிறது, பின்பக்கம் தாழ்கிறது, வேகமெடுக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்கிறது. விடுமுறைச் சாமானோடு ஐந்து பேர் ஏறும் நாளில் ஸ்பிரிங் அடிமட்ட ரப்பரில் போய் முட்டும். அந்த அடி பழைய குலுக்கலைவிடக் கடுமை. பட்டையைச் சேர்ப்பது இதற்கு நேர்மாறான தவறு. எப்போதாவது சுமை ஏற்றுகிறவர்கள் காற்றுப்பை ஸ்பிரிங் போட்டுக்கொள்ளலாம், தேவைப்படும்போது மட்டும் காற்றடிக்கலாம். சுமையை இறக்கிய பிறகு அதைத் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச அளவுக்குக் கொண்டுவர மறப்பவர்கள்தான் அதிகம். முழுக்கக் காலியாகவும் விடக் கூடாது, பை மடிந்து கிழியும். இன்னொன்று: காற்றுப்பை வண்டியின் பின்பக்கத்தை நிமிர்த்தும், அவ்வளவுதான். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை ஒரு கிலோகூட உயராது.

உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது ஷாக் அப்சார்பர். எண்ணெய் கசிந்த தடம் இருந்தாலோ, வேகத்தடை தாண்டிய பிறகும் பின்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடி அடங்கினாலோ அதன் ஆயுள் முடிந்தது. மாற்றும்போது 'ஹெவி டியூட்டி' என்ற பெயருக்கு மயங்காதீர்கள். நிரந்தரமாக 300 கிலோ கூடுதல் சுமையோடு ஓடும் வண்டிக்காக அமைக்கப்பட்ட ஷாக், வெறும் வண்டியில் கல்லாக இருக்கும். நீங்கள் வழக்கமாக ஏற்றும் எடையைச் சொல்லி, அதற்கேற்றதைக் கேட்டு வாங்குங்கள்.

பட்டறையில் வெகு சாதாரணமாக நடக்கும் ஒரு தவறைப் பக்கத்தில் நின்று தடுக்கலாம். ஸ்பிரிங் கண்ணில், அதாவது பட்டையின் முனை வளையத்தில், இருக்கும் ரப்பர் புஷ்ஷை மாற்றிவிட்டு, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுக்க இறுக்கிவிடுவார்கள். வண்டியைத் தரையில் இறக்கியதும் ஸ்பிரிங் நிமிரும், இறுகப் பிடிபட்ட ரப்பர் முறுக்கிக்கொள்ளும். புதுப் புஷ் போட்டும் ஓட்டம் விறைப்பாக இருப்பதற்கும், சில மாதத்தில் அது கிழிவதற்கும் காரணம் இதுதான். போல்ட்டைத் தளர்வாக மாட்டி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு (இறுக்கும் முறுக்குவிசைக்கு) இறுக்க வேண்டும். ஸ்பிரிங்கை அச்சோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டைக் கழற்றினால் புதிதாகவே போடச் சொல்லுங்கள்; ஒருமுறை இழுபட்டது மறுபடி அதே பிடியைத் தராது.

பின்பக்கத்தைச் சற்று அமுக்க மணல் மூட்டை போடுகிறவர்கள் உண்டு. வேலை செய்யும். ஆனால் பின் அச்சுக்கு நேர் மேலோ சற்று முன்னாலோ வைத்து ராட்சட் பட்டையால் கட்ட வேண்டும். பின்கதவை ஒட்டிப் போட்டால் முன்சக்கரத்தின் எடை குறைந்து ஸ்டீரிங் லேசாகும், முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். எல்லாச் சாமானுக்கும் இந்த விதி பொருந்தும்: கனமானது கீழே, கேபின் சுவரை ஒட்டி.

எடைக் கணக்கைப் போடாமல் சாமான் மாட்டுவது

700 கிலோ சுமக்கலாம் என்று சொல்லப்பட்ட ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர் 330, பின்னால் உள்ள சரக்குத் தொட்டியை மூடும் கேனோபி 70, இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் கருவி) 80, தொட்டியில் இழுப்பறை அமைப்பு 100, குளிர்பெட்டி சாமானோடு 40, தண்ணீர் 40. ஆயிற்று 660. துணிப்பை இன்னும் ஒன்றுகூட ஏறவில்லை. பின்னால் இழுவை வண்டி (டிரெய்லர்) மாட்டினால் அதன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் வழியே இதே கணக்கில்தான் வந்து சேரும். புறப்படும் முன் எல்லாரையும் எல்லாவற்றையும் ஏற்றி ஒருமுறை எடைமேடையில் நிறுத்துங்கள். மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு வரம்பைத் தாண்டியிருக்கலாம் என்பதால் அச்சுவாரியாகவும் எடை எடுப்பது நல்லது.

பின்னிருக்கை

இரண்டு வரிசை இருக்கையுள்ள டபுள் கேபினில் பின் சாய்மானம் நெட்டுக்குத்தாக நிற்பது தொட்டிக்கு இடம்விடத்தான். அதைச் சாய்க்க, பிடிமானத்தில் வாஷர் அடுக்கி நீள போல்ட் போடும் தந்திரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. மோதலில் அந்தச் சாய்மானமும், பல வண்டிகளில் அதன் பின்னால் உள்ள குழந்தை இருக்கையின் உச்சியைப் பின்னே இழுத்துப் பிடிக்கும் மேல்வாரின் கொக்கியும் தாங்க வேண்டிய விசையை அந்தப் போல்ட்டை நம்பி விடக் கூடாது. அந்த மாடலுக்கென்று பரிசோதித்து விற்கும் கிட் இருந்தால் மட்டுமே கைவையுங்கள்.

தடித்த பஞ்சு மெத்தையை இருக்கைமேல் போடுவதும் ஆபத்துதான், வெளியே தெரியாத ஆபத்து. இடுப்புவார் இடுப்பெலும்பின்மேல் தாழ்வாகப் படிய வேண்டும். மெத்தை பதியும்போது உடல் வாருக்கு அடியில் வழுக்கி, வார் வயிற்றில் ஏறிவிடும். இரண்டு செ.மீ. அளவிலான அடர்த்தியான ஃபோம், வழுக்காத அடிப்பக்கம், இவை போதும். தொடைக்குத் தாங்கல் இல்லாததுதான் கால் மரத்துப்போவதற்குப் பாதிக் காரணம். கால் தரையை எட்டாத பிள்ளைகளுக்குக் கனமில்லாத, கட்டிவைக்கக்கூடிய கால்மணை ஒன்று பெரிய வித்தியாசம் செய்யும். இருக்கை உறை வாங்கும்போது, பக்க ஏர்பேக் உள்ள இருக்கைக்குத் தோதானதுதானா என்று பாருங்கள். முழுக்கப் போர்த்தும் உறை, ஏர்பேக் விரியும் தையலை அடைத்துவிடும்.

குழந்தை இருக்கையின் மேல்வார் விஷயத்தில் பிக்கப் கார் மாதிரி இல்லை. பல மாடல்களில் சாய்மானத்தின் பின்னால் துணி வளையங்கள் இருக்கும். வாரை நேர் பின்னுள்ள வளையத்துக்குள் நுழைத்து, அடுத்த இருக்கையின் வளையத்தில் கொக்கியை மாட்டச் சொல்வார்கள். கையேட்டைப் பார்க்காமல் கண்ணில் பட்ட வளையத்தில் மாட்டுவதுதான் வழக்கமான தவறு. பின்னோக்கிய குழந்தை இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

சத்தம்: எல்லா இடத்திலும் ஒட்டுவது

கேபின் முழுக்கப் பியூட்டைல் ரப்பர் தாள் ஒட்டி 30 கிலோ ஏற்றுவது வீண். அந்தத் தாள் தகடு அதிர்வதைத் தடுக்கிறது, காற்றில் வரும் சத்தத்தை அல்ல. தட்டினால் டங்கென்று ஒலிக்கும் தகட்டின் நடுவே, பரப்பில் நாலில் ஒரு பங்கு மூடினாலே பெரும்பலன் கிடைத்துவிடும். பிக்கப்பில் முதல் இடம் பின்னிருக்கைக்குப் பின்னுள்ள சுவர். பிறகு தரை, கதவு. அதன்மேல் மூடிய நுண்ணறை ஃபோம், அதற்கும் மேல் கனமான வினைல் விரிப்பு என்று அடுக்கினால்தான் சாலை இரைச்சல் குறையும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, தாளைச் சற்றுச் சூடாக்கி, உருளையால் அழுத்தி ஒட்டுங்கள். தார் கலந்த மலிவுத் தாள் வெயிலில் நாறும், உருகி வழியும்.

ஒட்டும் வேகத்தில் இரண்டு துளைகளை மூடிவிடாதீர்கள். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளை ஒன்று. மூடினால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். கேபினின் பின்சுவரில் ரப்பர் மடல்களோடு இருக்கும் காற்றுப்போக்கி இன்னொன்று. அதை அடைத்துவிட்டுக் கதவு ஓங்கி அறைந்தால்தான் சாத்துகிறது, ஏசி காற்று பின்னால் வரவில்லை என்று தேடுகிறவர்கள் ஏராளம்.

குளிரும் மின்சாரமும்

பின்னால் ஏசி துவாரம் இல்லாத வண்டியில், முன் நடுத் துவாரங்களை இரு இருக்கைகளுக்கு இடையே, கூரையை நோக்கித் திருப்புங்கள். உள்காற்றையே சுழலவிட்டு மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள்; ஐந்து பேரின் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு ஏறி ஓட்டுநருக்குத் தூக்கம் தட்டும். அரைமணிக்கு ஒருமுறையாவது சில நிமிடம் வெளிக்காற்றை விடுங்கள்.

12 வோல்ட் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். அதாவது 120 முதல் 180 வாட். அதில் 300 வாட் இன்வெர்ட்டரைச் சொருகி முழு அளவுக்கு ஓட்டினால் ஃபியூஸ் போகும். பெரிய ஃபியூஸ் போட்டால் ஒயர் எரியும். தொட்டியில் வைக்கும் குளிர்பெட்டிக்கு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்துத் தனி ஒயர் இழுப்பதுதான் முறை. ஆறு மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால், போக வர 12 மீட்டரில், 5 ஆம்பியருக்கே சுமார் 0.4 வோல்ட் விழுந்துவிடும். 6 சதுர மி.மீ. என்றால் 0.2 வோல்ட்டுக்குள். பேட்டரி நன்றாக இருந்தும் குளிர்பெட்டி அடிக்கடி அணைந்துபோவதற்கு இந்த 0.4 வோல்ட் காரணமாக இருக்கலாம்.

கேனோபி

வண்டி ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறையும். பின்கதவு இடுக்கின் வழியே தூசியும் புகைபோக்கிக் காற்றும் உள்ளே இழுக்கப்படும். தூசிக்கு மருந்து, பின்கதவைச் சுற்றி, முக்கியமாகக் கீழ்க்கீல் பக்கம், ரப்பர் சீல் ஒட்டுவது. புகைக்கு அது போதாது. கேனோபியின் பின்கண்ணாடியைத் திறந்தபடி, கேபினின் பின் சன்னலையும் திறந்து ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு நேராகப் பிள்ளைகளிடம் வரும். அதற்கு வாடையே கிடையாது. மெத்தை விரித்து, கேனோபி போட்டு, பிள்ளைகளையோ நாயையோ தொட்டியில் படுக்கவைத்துக் கூட்டிப்போவது இதனாலேயே கூடாது. மோதினால் பிடித்து நிறுத்த அங்கே வாரும் இல்லை. பின்னிருக்கையில் மூன்று பேருக்கு இடம் போதவில்லை என்றால் சாமானைத் தொட்டிக்கு மாற்றுங்கள், ஆட்களை அல்ல.