செயலி வெளியீடு தள்ளிப்போகும்போது சிப் நிறுவனப் பங்கை மதிப்பிடுவது எப்படி

புதிய செயலி ஒன்று அறிவித்த காலத்தில் வெளிவராது என்று தெரிந்ததும், அந்த நிறுவனத்தின் பங்கை வைத்திருப்பவர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து வாதிடத் தொடங்குகின்றனர். சில மாதத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல, விலை இறங்கியிருப்பது வாங்குவதற்கான வாய்ப்பு என்கிறது ஓர் அணி; தொழில்நுட்பப் போட்டியில் நிறுவனம் தோற்றுவிட்டது, கிடைத்த விலைக்கு விற்றுவிட வேண்டும் என்கிறது மற்றொன்று. எவ்வளவு காலம் தாமதம் என்பதிலேயே இரு அணிகளும் நின்றுவிடுகின்றன. எதனால் தாமதம் என்ற கேள்வியே முதலில் கேட்கப்பட வேண்டியது என்பது என் உறுதியான கருத்து.

காரணங்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். முதல் வகை, ஒரு குறிப்பிட்ட சிப்பின் வடிவமைப்பில் உள்ள பிழை. 2024 ஆகஸ்டில் என்விடியாவின் செயற்கை நுண்ணறிவுச் சிப்பான பிளாக்வெல் தாமதமாகும் என்ற செய்தி வந்தபோது, உற்பத்தியில் பழுதின்றித் தேறும் சிப்புகளின் விகிதத்தை, அதாவது யீல்டை, உயர்த்துவதற்காக மாஸ்க் ஒன்றை, அதாவது சுற்றுவடிவைச் சிலிக்கான் மீது பதிக்கும் அச்சை, மாற்றியதாக அந்நிறுவனம் விளக்கியது. சிப்பைத் தயாரித்துத் தந்த டிஎஸ்எம்சியின் உற்பத்தி முறை சரியாகவே இருந்தது. பிழை முழுக்கத் தங்களுடையதே என்று தலைமை அதிகாரி ஜென்சன் ஹுவாங் பின்னர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2025 ஜனவரியில் முடிந்த காலாண்டிலேயே பிளாக்வெல் மூலம் சுமார் 1,100 கோடி டாலர் வருவாய் வந்தது.

இரண்டாவது வகை, உற்பத்தித் தொழில்நுட்பமே தேறாமல் போவது. இன்டெல்லின் 10 நானோமீட்டர் தொழில்நுட்பம் (இந்த எண் உற்பத்தி முறையின் தலைமுறைப் பெயர்; எண் குறைந்தால் தலைமுறை புதியது) 2016-ஆம் ஆண்டு வாக்கில் வந்திருக்க வேண்டியது. ஆனால் பெருமளவு உற்பத்தி 2019-க்குத் தள்ளிப்போவதாக 2018 ஏப்ரலில் அந்நிறுவனம் அறிவித்தது. இத்தகைய தாமதம் ஒரு சிப்போடு நிற்பதில்லை. அதே தொழில்நுட்பத்தை நம்பித் திட்டமிட்ட மடிக்கணினிச் செயலி, சர்வர் செயலி, அவற்றுக்கு அடுத்த தலைமுறை என அனைத்தும் வரிசையாகப் பின்தங்குகின்றன. ஆகவே, நிர்வாகத்தின் விளக்கத்தில் மாஸ்க் மாற்றம், திருத்தப்பட்ட ஸ்டெப்பிங் (அதே சிப்பின் பிழை நீக்கிய பதிப்பு), சரிபார்ப்பு போன்ற சொற்கள் வந்தால் கவலையை மாதக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் யீல்டு உள் இலக்குக்கு ஓராண்டு பின்தங்கியுள்ளது என்பது போன்ற வாக்கியம் சொந்த ஆலை வைத்திருக்கும் நிறுவனத்திடமிருந்து வந்தால், அடுத்த இரண்டு தலைமுறைகளுக்கான வருவாய் மதிப்பீட்டையும் திருத்தி எழுத வேண்டும்.

2020 ஜூலை 23 அன்று இன்டெல் கூறியது ஏறத்தாழ இதுதான். 7 நானோமீட்டர் செயலிகள் சுமார் ஆறு மாதம் தள்ளிப்போகின்றன என்றும், யீல்டு உள் இலக்கைவிடச் சுமார் பன்னிரண்டு மாதம் பின்தங்கியுள்ளது என்றும் அறிவித்தது. அதே அறிக்கையில் காலாண்டு வருவாய் 20 சதவீதம் உயர்ந்திருந்தது. இருந்தும் மறுநாள் பங்கு சுமார் 16 சதவீதம் சரிந்தது. போட்டியாளரான ஏஎம்டியின் பங்கு கிட்டத்தட்ட அதே அளவு ஏறியது. வருவாய் நன்றாக இருக்கும்போது சந்தை மிகைப்படுத்துகிறது என்று அன்று வாதிட்டவர்கள் பலர். இன்டெல்லின் ஆண்டு வருவாய் 2021-இல் சுமார் 7,900 கோடி டாலராக இருந்து, 2023-இல் சுமார் 5,400 கோடியாக இறங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் கணினி விற்பனை பெருகியதும் பின்னர் வற்றியதும் இதில் பெரும் பங்கு வகித்தன என்பதை மறைக்கக் கூடாது. ஆயினும் தாமதத்தின் விளைவு வருவாயில் தெரிய ஆண்டுகள் ஆகும் என்பதால், நடப்புக் காலாண்டின் நல்ல எண்களைத் தாமதத்துக்கு எதிரான சான்றாக ஏற்க வேண்டாம்.

நிறுவனங்கள் பயன்படுத்தும் சொற்களிலும் கவனம் தேவை. அறிமுகம், மாதிரி வழங்கல், அனுப்பத் தொடங்குதல், பெருமளவு உற்பத்தி ஆகியவை வெவ்வேறு கட்டங்கள். 2018-இல் இன்டெல்லின் முதல் 10 நானோமீட்டர் செயலி, உள்ளமைந்த கிராபிக்ஸ் முடக்கப்பட்ட நிலையில், மிகச் சிறிய எண்ணிக்கையில் ஒரு மடிக்கணினியில் வந்தது. அனுப்பிவிட்டோம் என்ற சொல் அப்போது உண்மைதான். முதலீட்டாளருக்கு அது எதையும் உறுதிசெய்யவில்லை. எந்தக் காலாண்டில் இந்தச் செயலியின் வருவாய் கணிசமாக இருக்கும் என்ற கேள்விக்கு நிர்வாகம் என்ன பதில் தருகிறது என்று பாருங்கள். பதில் தரவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, காலியான இடத்தை யார் நிரப்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிளாக்வெல் தாமதமானபோது வாடிக்கையாளர்கள் அதே நிறுவனத்தின் முந்தைய தலைமுறையான ஹாப்பரைத் தொடர்ந்து வாங்கினர். இன்டெல்லின் சபையர் ரேப்பிட்ஸ் சர்வர் செயலி பலமுறை தள்ளிப்போய் 2023 ஜனவரியில் வெளிவந்தபோதோ, அதற்குப் போட்டியான ஏஎம்டியின் ஜெனோவா இரண்டு மாதம் முன்பே, 2022 நவம்பரில், சந்தைக்கு வந்துவிட்டிருந்தது. சர்வர் வாங்கும் பெரிய நிறுவனங்கள் ஒரு தளத்தைப் பல மாதங்கள் சோதித்தே ஏற்கின்றன. ஏற்றபின் எளிதில் திரும்புவதில்லை. எனவே, ஒரே காரணத்தால் நேரும் தாமதமும் தனிக்கணினிச் சந்தையைவிட சர்வர் சந்தையில் அதிக விலை கேட்கும்.

பின்னர் நிதிநிலை அறிக்கைக்கு வாருங்கள். சொந்த ஆலை உள்ள நிறுவனத்துக்குச் செயலி வராவிட்டாலும் இயந்திரங்களின் தேய்மானச் செலவு நிற்பதில்லை. மொத்த லாப விகிதம் முதலில் அடிபடும். சரக்கிருப்பு, மூலதனச் செலவு, அதைக் கழித்தபின் மிஞ்சும் ரொக்கம் ஆகிய மூன்றையும் எட்டுக் காலாண்டுகளுக்காவது ஒப்பிடுங்கள். மிஞ்சும் ரொக்கம் தொடர்ந்து எதிர்மறையாக இருந்தால் ஈவுத்தொகையை நம்பி அந்தப் பங்கை வைத்திருக்காதீர்கள்: 2024 ஆகஸ்டில் இன்டெல் ஈவுத்தொகையை நிறுத்துவதாக அறிவித்த மறுநாள் பங்கு சுமார் 26 சதவீதம் வீழ்ந்தது. விலைக்கும் லாபத்துக்குமான விகிதம் இந்தத் துறையில் தனியாக நின்றால் ஏமாற்றும். லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் அது மலிவாகத் தோன்றும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, வாங்குவதாயினும் விற்பதாயினும், தாமதத்தின் காரணம், நிர்வாகம் சொன்ன புதிய காலாண்டு, எதிர்பார்க்கும் லாப விகிதம் ஆகியவற்றை அன்றைய தேதியுடன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலாண்டின் முடிவுகள் வரும் நாளில் அதை எடுத்துப் படித்து, காரணம் வடிவமைப்பிலிருந்து உற்பத்தித் தொழில்நுட்பத்துக்கு மாறியிருந்தால், அதுவரை சொன்ன வாதத்தை விட்டுவிட்டு மதிப்பீட்டை முதலிலிருந்து செய்யுங்கள்.