மோட்டார் ஹோமில் கனமான பைக்: கணக்கு சரி, கேள்விதான் தப்பு

"வண்டி இன்னும் 300 கிலோ தாங்கும், பைக் 250 கிலோதான்." இப்படிக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் பலர் மோட்டார் ஹோமின் (படுக்கை, சமையல் வசதியோடு வீடாகவே ஓடும் வண்டியின்) பின்புறத்தில் பைக் தாங்கியைப் பொருத்துகிறார்கள். எடையைக் கேட்டவர்கள் அது எங்கே தொங்கப்போகிறது என்று கேட்பதில்லை.

இரண்டு அச்சுகளுக்கும் இடையே 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பைக்கின் எடை பின்னச்சுக்கு 2.4 மீட்டர் பின்னால் விழுகிறது. அப்போது பின்னச்சு நெம்புகோலின் தாங்குபுள்ளியாகி, முன்னச்சிலிருந்து 150 கிலோவைத் தூக்கிவிடும். அதுவும் சேர்ந்து பின்னச்சின் மேல் ஏறுவது 250 அல்ல, 400 கிலோ. தாங்கியின் எடை தனி. முன்சக்கர இழுவை கொண்ட வண்டியாக இருந்தால், ஈரமான மேட்டில் சக்கரம் பிடிமானமின்றிச் சுழலும், ஸ்டியரிங்கும் லேசாகிப்போகும்.

எனவே மொத்த எடையோடு நின்றுவிடாமல், பைக்கை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, எல்லோரும் உட்கார்ந்த நிலையில் எடைமேடையில் ஒவ்வோர் அச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ. டயரின் பக்கச்சுவரில் உள்ள சுமைக் குறியீட்டையும் படியுங்கள்: 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், அதற்கு மேல் இல்லை.

டிரெய்லரை இழுக்கும் இழுவைக் கொக்கியை நம்பி அதில் தாங்கியை மாட்டுவது அடுத்த தவறு. இரண்டு டன் இழுக்கும் கொக்கி, செங்குத்தாகத் தாங்குவது பெரும்பாலும் 100 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அதன் தகட்டில் தாங்கும் எடை தனியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 350 கிலோவைத் தாண்டும் ஹோண்டா கோல்ட் விங் போன்ற பைக்குகளுக்கு டிரெய்லரே சரி என்பேன். அதிலும் பைக்கை டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினால் கொக்கியின் மேல் எடை குறைந்து, வேகமெடுத்ததும் வால் ஆடத் தொடங்கும்.

கட்டும் விதத்தில்தான் அதிகக் கவனம் தேவை. பைக்கைப் பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்திக் கட்டாதீர்கள். குலுக்கலில் ஸ்டாண்டே வளைந்துவிடும். முன்சக்கரத்தைப் பிடிப்பானில் நிறுத்தி, நான்கு பட்டைகளால் நிமிர்த்திக் கட்ட வேண்டும். முன்பட்டைகளைக் கைப்பிடி நுனியில் மாட்டக் கூடாது. ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தின் இருபுறமும் உள்ள அதிர்வுதாங்கிக் குழாய்களை, பிடித்திருக்கும் கீழ்த் தகட்டில் துணி வளையம் போட்டு மாட்டுங்கள். ஃபோர்க் பாதியளவு அமுங்கினால் போதும். முழுதாக அமுக்கினால் ஆயில் சீலுக்குக் கேடு. தளர விட்டால், பள்ளத்தில் பைக் அமுங்கும் நொடியில் பட்டை தொய்ந்து அதன் கொக்கி கழன்றுவிடும். கிளம்பிப் பத்து, இருபது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறுக்கத்தைச் சரிபாருங்கள். புதுப் பட்டை நீளத்தான் செய்யும்.

வண்டிக்குள்ளேயே பைக் அறை உள்ளவர்கள் பெட்ரோல் ஆவியை மறந்துவிடுகிறார்கள். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். பக்கத்திலேயே எரிவாயு ஃபிரிட்ஜின் சுடர் எரியும். தரைமட்டக் காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து அடைக்காதீர்கள். வெளியே மாட்டுபவர்கள், பின்விளக்கும் எண் பலகையும் மறையவில்லையா என்று சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொள்ளட்டும்.

சாய்வுப் பலகையை வண்டியோடு பட்டை போட்டுக் கட்டாமல் ஏற்றுவது ஆபத்து. பின்சக்கரம் உதைத்தால் பலகை பின்னுக்கு நழுவும், பைக் நடுவில் விழும். இறக்கும்போதோ, முன்பட்டைகள் இரண்டையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் அமுங்கியிருந்த ஃபோர்க் துள்ளி எழும். இன்னொருவர் பைக்கைப் பிடித்துக்கொண்ட பிறகே கடைசிப் பட்டையில் கை வையுங்கள்.